அகராதியை யார் திறக்க வேண்டும்? மிகுபுனைவும் அருஞ்சொற்களும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் உரையில் ஆங்கில மிகுபுனைவு நாவல்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர் தம் வாதங்களில் பலவற்றைச் சொற்களின் மீதே நடத்தினார். ஒரு சொல்லுக்கு இன்று வழங்கும் பொருள் எங்கிருந்து வந்தது, முன்பு என்ன பொருள் இருந்தது, அதை மாற்றியவர் யார் என்று கேட்பது அவருடைய முறை. அவர் தந்த வேர்ப்பொருள்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியலார் ஏற்கமாட்டார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் கூர் மழுங்கவில்லை. அந்தக் கேள்வியோடு வேறொரு தேசத்து வாசகர் சண்டை ஒன்றை அணுகிப் பார்க்கலாம்.

1. சண்டை எதைப் பற்றியது?

ஃபேன்டஸி என்று நாம் சொல்லும் மிகுபுனைவை ஆங்கிலத்தில் வாசிப்பவர்களிடையே பல பத்தாண்டுகளாக ஓயாத வாதம் ஒன்று உண்டு. சாதாரண வாசகர் கேள்வியே படாத சொற்களை ஒரு நாவலாசிரியர் பக்கத்துக்குப் பக்கம் போடலாமா என்பதுதான் அது. போடக்கூடாது என்பவர்கள் மூன்று குற்றங்கள் சொல்கிறார்கள். வாசிப்பு ஓட்டம் அறுபடுகிறது. எழுத்தாளர் தம் படிப்பைக் காட்டிக்கொள்கிறார். வாசகர் தம்மை அறிவிலி என்று உணர்கிறார். போடலாம் என்பவர்களும் மூன்று பதில்கள் வைத்திருக்கிறார்கள். வேறோர் உலகத்தைக் காட்ட நம் தெருவின் சொற்கள் போதா. சூழலை வைத்தே பொருளை ஊகிக்கலாம். தெரியாத சொல்லோடு சிறிது நேரம் வாழ்வதும் வாசிப்பின்பம்தான்.

இந்த வாதத்தில் அறியப்பட்ட கட்டுரை ஒன்றை உர்சுலா கே. லெ குவின் 1973இல் எழுதினார். மிகுபுனைவில் நடை என்பது கதைக்கு மேல் பூசும் வண்ணம் இல்லை, அந்த உலகமே நடையால்தான் ஆகிறது என்பது அவருடைய வாதம். கூடவே போலிப் பழமையை அவர் கடுமையாகக் கேலி செய்தார். கிரேக்கக் கடவுளரின் உடலில் ஓடும் குருதிக்கு ‘ஐகோர்’ என்று பெயர். மட்டமான மிகுபுனைவை அடையாளம் காண இந்த ஒரு சொல் போதும் என்பதுபோல அவர் எழுதினார். அவர் கணக்கில் அருஞ்சொல் போடுவது குற்றம் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் உலகம் இல்லாமல் போவதுதான் குற்றம்.

2. ஜீன் வுல்ஃபும் மறைந்த சொற்களும்

அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வுல்ஃப் (1931–2019) தொழிலால் பொறியாளர். ‘புதிய சூரியனின் நூல்’ என்ற பொதுப்பெயரில் 1980 முதல் 1983 வரை நான்கு நாவல்கள் எழுதினார். சூரியன் மங்கிக்கொண்டிருக்கும் மிகத் தொலைவான எதிர்காலத்தில் கதை நடக்கிறது. கதை சொல்பவன் செவேரியன். அரசின் தண்டனைகளை நிறைவேற்றும் சித்திரவதையாளர் குழுமத்தில் வளர்ந்தவன்.

இந்நூல்களில் வரும் விசித்திரச் சொற்களைப் பலரும் வுல்ஃப் சொந்தமாக உண்டாக்கியவை என்றே நினைத்தார்கள். அவை லத்தீன், கிரேக்கம், பழைய பிரெஞ்சு, தொல்லுயிரியல் நூல்கள் முதலியவற்றிலிருந்து எடுத்த உண்மையான சொற்கள். முதல் நாவலின் சொற்கள் பலவற்றுக்கு விளக்கம் சொல்லி 1982இல் அவரே கட்டுரை வெளியிட்டார். இந்த நூல் வரிசைக்கென்றே மைக்கேல் ஆந்த்ரே-டிரியூசி தொகுத்த அகராதி 1994இல் வந்தது. ஒரு நாவலுக்கு வாசகர் ஒருவர் அகராதி தொகுப்பது சாதாரணச் செய்தி இல்லை.

அந்தச் சொற்கள் கதைக்குள் என்ன செய்கின்றன? ‘டெஸ்ட்ரியர்’ என்பது இடைக்கால ஐரோப்பாவில் போர்க்குதிரையின் பெயர். நாவலிலும் வீரர்கள் அதில் ஏறித்தான் போகிறார்கள். ஆனால் அந்த விலங்குக்குக் குளம்பு இல்லை, நகங்கள் இருக்கின்றன. அகராதியைப் பார்த்துவிட்டுக் குதிரை என்று தீர்மானித்தவர் தவறான படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போவார். முதல் நாவலின் பின்னிணைப்பில், இது இன்னும் பிறக்காத மொழி ஒன்றிலிருந்து செய்த மொழிபெயர்ப்பு என்றும், ஈடான சொல் இல்லாத இடங்களில் நெருக்கமான பழஞ்சொற்களை இட்டதாகவும் ஆசிரியர் சொல்கிறார். அதாவது, எந்தச் சொல்லும் பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டே கதை நடக்கிறது.

நமக்கு முக்கியமான இடம் அடுத்தது. குழுமத்தார் அணியும் மேலங்கியின் நிறம் ‘ஃபுலிஜின்’. லத்தீனில் புகைக்கரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கறுப்பைவிடக் கறுப்பான நிறம் என்று கதை சொல்கிறது. அந்த அங்கியோடு செவேரியன் நகரத்துக்குள் போனால் மக்கள் அஞ்சி விலகுகிறார்கள். அங்கியை மூடிக்கொண்டு போ என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. சட்டம் விதித்த தண்டனையை நிறைவேற்றுபவன் அவன். விதித்தவர்கள் மதிப்போடு இருக்க, கையால் செய்தவன் தீண்டத்தகாதவனாக நிற்கிறான். குழுமத்தில் சேர்வதும் அவன் விருப்பத்தால் நடந்ததில்லை. தண்டிக்கப்பட்டவர்களின் ஆண் குழந்தைகளை எடுத்து வளர்த்தே அது தன்னை நிரப்பிக்கொள்கிறது. ‘கறுப்பு அங்கி’ என்று எழுதியிருந்தால் துணியின் நிறம் மட்டும் தெரிந்திருக்கும். வேறு எதற்கும் வழங்காத நிறப்பெயரைச் சூட்டியதால், அந்தத் தொழில் அவன் உடலோடு ஒட்டியிருப்பது தெரிகிறது.

அந்த உலகத்தின் படிநிலையும் இப்படிப்பட்ட பெயர்களால்தான் கட்டப்பட்டிருக்கிறது. எக்ஸல்டன்ட், ஆர்மிஜர், ஆப்டிமேட் என்று அடுக்கு அடுக்காகப் போகிறது. மேல் அடுக்கான எக்ஸல்டன்ட்களுக்குள் நுழையப் பிறப்பு ஒன்றே வழி. இந்தப் பெயர்களுக்குக் கதைக்குள் யாரும் பொருள் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே வாழ்பவர்களுக்கு அவை காற்றைப்போல. வெளியிலிருந்து வரும் வாசகர்தான் தடுமாறுகிறார். நம் ஊர்ப் படிநிலைப் பெயர்கள் தெரியாத ஒருவர் நம் கிராமத்துக்குள் வந்தாலும் இப்படித்தான் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் நல்லது. பழகிப்போன அடுக்கை அது மறுபடி கண்ணில் படவைக்கிறது.

3. அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள்

நான்காம் நாவலில் இதற்கு நேர் எதிரான மொழி ஒன்று வருகிறது. எதிரி நாட்டவரான ஆசியர்கள் (நம் கண்டத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை) அரசு அனுமதித்த வாக்கியங்களை மட்டுமே பேச வேண்டும். அருஞ்சொல் ஒன்றும் கிடையாது. எல்லாம் தெளிவான, எளிய, மேலிருந்து வந்த வாசகங்கள்.

காயம்பட்டவர்கள் கிடக்கும் முகாமில் கதைப்போட்டி நடக்கிறது. ஆசியக் கைதியும் கதை சொல்கிறான். அவன் வாயில் வருபவை அரசு வாசகங்கள் மட்டுமே. ஃபொய்லா என்ற பெண் ஒவ்வொன்றாகப் பொருள் விரித்துச் சொல்ல, உள்ளே இருக்கும் கதை தெரிகிறது. உழைக்கும் ஒருவனின் பங்கை உழைக்காதவர்கள் பறித்துக்கொள்கிறார்கள். அவன் நீதி கேட்டுத் தலைநகருக்கு நடந்து போகிறான். திரும்பி வந்தால் அடிக்கிறார்கள். மறுபடியும் போகிறான். மனுவோடு தாலுகா அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியம் இல்லை.

அருஞ்சொல் வேண்டுமா, எளிய சொல் வேண்டுமா என்ற சண்டைக்கு வுல்ஃபின் நூலிலேயே பதில் இருக்கிறது. எளிய சொற்களாலும் மனிதரை அடைத்துவைக்க முடியும். அடைத்துவைத்தாலும் அதே சொற்களைக் கொண்டே அவர்கள் தம் வழக்கைச் சொல்லிவிடுவார்கள். கேட்கும் காது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

4. டொனால்ட்சன்: சொற்கள் யாருக்காகச் செலவாகின்றன?

இந்த வாதத்தில் அதிகம் அடிபட்ட இன்னொருவர் ஸ்டீஃபன் ஆர். டொனால்ட்சன். 1947இல் பிறந்தவர். தந்தை தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்தவர் என்பதால் இளமைக்காலத்தின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்தார். தொழுநோய் குறித்துத் தந்தை ஆற்றிய உரை ஒன்றே தம் நாவலுக்கு வித்து என்று சொல்லியிருக்கிறார். 1977இல் வந்த முதல் நூலின் நாயகன் தாமஸ் கவனன்ட் ஒரு தொழுநோயாளி. அவன் ஊருக்குள் வந்துவிடக்கூடாது என்பதற்காக அவன் கட்ட வேண்டிய தொகையை யாரோ முன்பே கட்டிவிடுகிறார்கள். விலக்குதல் எவ்வளவு நாசூக்காக நடக்கும் என்பதை அறிந்தவர் எழுதிய இடம் அது.

ஆனால் மாய உலகத்துக்குள் போனதும் கவனன்ட் ஓர் இளம்பெண்ணை வன்புணர்வு செய்கிறான். பல வாசகர்கள் அங்கேயே நூலை மூடிவிட்டார்கள். அதற்கு மேலும் வாசித்தவர்கள் அவருடைய கனமான சொற்களைப் பற்றிச் சண்டையிட்டார்கள். 1986இல் நிக் லோ என்ற விமர்சகர் ஒரு கேலி விளையாட்டை அறிமுகம் செய்தார். ஆளுக்கொரு டொனால்ட்சன் நூலை எடுத்து ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். ‘கிளெஞ்ச்’ என்ற சொல்லை முதலில் கண்டுபிடிப்பவர் வென்றவர். பல்லைக் கடித்தல், கையை இறுக்குதல் என்ற பொருளில் எல்லோரும் அறிந்த சொல் அது. அருஞ்சொற்களுக்குப் பேர்போன ஒருவரைக் கேலி செய்யக் கிடைத்தது ஓர் எளிய சொல்தான்.

என் குறை வேறு. அந்த நூலில் பெருஞ்சொற்கள் அதிகம் செலவாவது குற்றம் செய்தவனின் மனவேதனையை விவரிக்கத்தான். பாதிக்கப்பட்டவளின் பங்குக்கு வரும் சொற்கள் சிலவே. சொல் கடினமா என்று விவாதித்த அளவுக்கு, சொல்வளம் யாருக்குப் பங்கிடப்படுகிறது என்பது விவாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

5. யாரும் அகராதி தேடாத சொல்

ஆங்கிலத்தில் ‘பரையா’ என்று ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்று பொருள். நாளிதழ்கள் உலக நாடுகள் ஒதுக்கிய நாட்டை இந்தச் சொல்லால் குறிக்கின்றன. கதைகளில் ஊர் துரத்திய நாயகனுக்கும் இதுவே பெயர். இது கடினச் சொல் என்று எந்த வாசகரும் புகார் சொல்வதில்லை.

அது பறையர் என்ற நம் மக்கள் பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் எழுத்தில் ஏறி, பிறகு பொதுச்சொல்லாகத் தேய்ந்தது. நிலமும் தொழிலும் வழிபாடும் வரலாறும் உள்ள ஒரு மக்கள் திரளின் பெயர், விலக்கப்பட்ட நிலைக்கே பெயராக மாறிவிட்டது. இந்தப் பெயரின் மீது ஏற்றப்பட்ட இழிவை மறுத்துத்தான் பண்டிதர், பூர்வ பௌத்தர் என்றும் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் வேறு பெயர்களை முன்வைத்துப் போராடினார்.

வுல்ஃபின் சொற்கள் வாசகரை நிறுத்திக் கேட்கவைக்கின்றன. இந்தச் சொல் நிறுத்துவதே இல்லை. தடுக்காமல் போகும் சொல்லில்தான் வரலாறு கேள்வியின்றிக் கடந்துபோகிறது.

6. நம் பக்கத்துச் சண்டை

நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’ தொகுப்பு 1972இல் மராத்தியில் வந்தபோது முன்னுரை எழுதியவர் நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். மராத்தியில் பேர்பெற்ற அவரே, தமக்குப் புரியாத சொற்கள் பல அதில் இருப்பதை ஒளிக்காமல் சொன்னார். தசாலின் சொற்கள் பம்பாயின் காமாட்டிபுரப் பகுதியில் அன்றாடம் புழங்கியவை. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அவை எளிய சொற்கள். இங்கே 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோதும், எழுத்துத் தமிழின் விதிக்குள் அடங்காத பேச்சுமொழி பலரை உறுத்தியது. செத்த லத்தீன் சொல்லை எழுதினால் புலமை, உயிரோடு இருக்கும் சேரிச் சொல்லை எழுதினால் கொச்சை என்ற அளவுகோல் இங்கே வெளிப்படுகிறது. நம் நூல்களின் கடைசியில் பெரும்பாலும் சொற்பொருள் பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் போடுவதில் தவறில்லை. ஆனால் யாருடைய தமிழுக்குப் பட்டியல் கேட்கப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

அரசு ஆவணங்களின் மொழி இன்னும் கடுமையானது. 1892 ஆணையின் வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், பழைய வருவாய்ப் பதிவேடுகளில் ‘டி.சி.’ என்ற இரண்டு எழுத்துகளாக நிற்கிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த எழுத்துகளுக்குள் இருக்கிறது. அவற்றின் பொருள் தெரியாமல் கைவிட்டுப்போன நிலத்தைத்தான் நாம் மீட்டுக்கொண்டிருக்கிறோம். நாவலில் சொல் புரியாவிட்டால் ஒரு பக்கம் போகும். பதிவேட்டில் புரியாவிட்டால் நிலம் போகும்.

7. மாணவர்களுக்கு

ஆகவே கடினமான சொல் எதிர்ப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது யாருடைய வாழ்விலிருந்து வருகிறது? இதை எடுத்துவிட்டு எளிய சொல்லை வைத்தால் எது காணாமல் போகும்? இதைப் புரிந்துகொள்ளும் உழைப்பு யார் தலையில் விழுகிறது? எளிய சொல் எதிர்ப்பட்டாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றும் இழக்கவில்லை என்றால் அருஞ்சொல்லைத் தயங்காமல் தள்ளலாம். துண்டறிக்கையிலும் மனுவிலும் நம் மக்களுக்கு உடனே விளங்கும் சொல்லே வேண்டும். இலக்கியத்தில் நம் சொல்லை நம் ஒலியோடு வைக்கலாம், தெரியாதவர் தேடிக்கொள்ளட்டும்.

1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளிவந்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நூலைத் தொடங்கிவிட்டு, நடை கடினம் என்று பாதியில் வைத்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். வுல்ஃபின் கற்பனை உலகத்துக்கு வாசகர் ஒருவர் அகராதி தொகுத்தார். நம் பண்டிதரின் சொற்களுக்கு, மாணவர்கள் கையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு சொற்பொருள் கையேட்டைக் கூட்டாகத் தயாரிக்க நம்மால் முடியும். ஆளுக்கு ஐம்பது பக்கம் எடுத்துக்கொண்டு இந்த ஆண்டே தொடங்கலாம்.