சர்க்கரை வியாதிக்கு ஒரு தூங்காத காவல்காரன்!

மும்பை: சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு நன்கு பழக்கமான சோதனை ஒன்று உண்டு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை கொடுப்பார்கள். மாதத்தில் ஒரு நாள் இதைச் செய்துவிட்டு, "எனக்கு 140 தான்" என்று நிம்மதியாக இருப்போர் பலர். ஆனால் மீதி இருபத்தொன்பது நாட்கள் உடம்புக்குள் என்ன நடந்தது? இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை எங்கே இருந்தது? ரயிலில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போகும்போது எங்கே இருந்தது? இதற்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருப்பதுதான் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார். மேல்கையின் பின்புறத்தில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளை வில்லையை ஒட்டிக்கொண்டு நடமாடுவோரை இப்போது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பார்க்க முடிகிறது. அது என்ன செய்கிறது, யாருக்குத் தேவை, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரியாமல் பணத்தைச் செலவழிப்போரும் உண்டு. தேவை இருந்தும் பயந்து ஒதுங்குவோரும் உண்டு.

நம் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது.

நீலத் திராவகம் முதல் வெள்ளை வில்லை வரை

வயதான வாசகர்களுக்குப் பழைய சோதனை நினைவிருக்கும். சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் திராவகத்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். இதில் ஒரு பெரிய குறை இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லி கிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்தாலோ, அந்தத் திராவகம் நீலமாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கையும் தராது.

பிறகு விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் குளுக்கோமீட்டர் வந்தது. குளுக்கோஸை மட்டும் பிடித்து வினைபுரியும் ஒரு நொதியையும் மின்முனையையும் சேர்த்து அளக்கலாம் என்ற யோசனையை அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க் 1962-ல் வெளியிட்டார். இன்றைய சென்சாரும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. தொடர்ச்சியாக அளக்கும் கருவிக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது 1999-ல். விரலில் குத்தித் திருத்தம் செய்ய வேண்டாத ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரை ஆபட் கம்பெனி 2014-ல் ஐரோப்பாவில் கொண்டுவந்தது. அது பின்னர் இந்தியாவுக்கும் வந்தது.

வில்லையின் அடியில் தலைமுடி போன்ற மெல்லிய இழை ஒன்று இருக்கும். அது தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும். ஒட்டும்போது எறும்பு கடித்தாற்போல் இருக்கும், பிறகு தெரியாது. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அது சர்க்கரையை அளந்து செல்போனுக்கு அனுப்புகிறது. சில வகைகளில் செல்போனை வில்லையின் அருகே காட்ட வேண்டும். டாக்டர் மட்டும் பார்க்கக்கூடிய வகையும் உண்டு. அதில் எல்லாக் கணக்கும் வில்லைக்குள்ளேயே சேர்ந்து, பதினான்கு நாள் கழித்துப் படமாக வெளிவரும்.

இட்லி வியாபாரியின் பத்து மணி மயக்கம்

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தில் சுமந்துபோய் விற்றுவரும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அப்படி ஒருவருக்கு வயது 52. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. காலை மூன்றரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு ஒரு டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். இட்லி விற்றுத் தீர்ந்து வீடு திரும்பப் பதினொன்றாகும். அதற்கு அப்புறம்தான் சாப்பாடு.

கொஞ்ச நாளாகப் பத்து மணி வாக்கில் அவருக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சில்லறை எண்ணும்போது கணக்குத் தப்பும். "வெயில்ல அலையுறீங்க, அதான். மோரை ஊத்திட்டுப் போங்க" என்பார் மனைவி. மாதாந்தர ரத்தப் பரிசோதனையோ சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்றே சொல்லிவந்தது. ஆகவே மாத்திரையின் அளவும் கூடிக்கொண்டே போயிற்று.

மகன் பணம் கட்டி, டாக்டர் பார்க்கும் வகைச் சென்சாரை ஒரே ஒரு தடவை ஒட்டினார்கள். எப்போது மாத்திரை போட்டார், எப்போது என்ன சாப்பிட்டார் என்பதைக் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வரச் சொன்னார் டாக்டர். பதினான்கு நாள் கழித்துப் படத்தைப் பார்த்தால், வியாபாரத்துக்குப் போன அநேகமாக எல்லா நாளும் ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டு நாள் 55 வரை போயிருந்தது. வீடு திரும்பி, பசி வேகத்தில் மிஞ்சிய இட்லியையும் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டதும் 280-க்குத் தாவியிருந்தது.

ரத்தப் பரிசோதனையில் இது ஏன் தெரியவில்லை? அவர் வியாபாரத்துக்குப் போகாத நாளில்தான் ரத்தம் கொடுக்கப் போவது வழக்கம்!

அவர் சாப்பிட்டது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் சர்க்கரை விழத்தான் செய்யும். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். கிளம்புமுன் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்ட பிறகே அதைப் போட வேண்டும் என்றார். பகல் சாப்பாட்டில் காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில், அளவாகச் சாப்பிடச் சொன்னார். பத்து மணி மயக்கம் நின்றது. அவருக்கு இரண்டாவது சென்சார் தேவைப்படவில்லை.

சராசரி மட்டும் போதாது

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை முக்கியமானது. அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் ஒருவருக்குச் சர்க்கரை 60-க்கும் 260-க்கும் இடையே ஊஞ்சலாடினாலும் சராசரி 160 வரலாம். இன்னொருவருக்கு எப்போதும் 150, 170 என்றே இருந்தாலும் சராசரி அதே 160 தான். இருவரும் ஒன்றல்ல.

ஆகவே சென்சார் வைத்திருப்போருக்கு 2019-ல் உலக நிபுணர்கள் கூடி வேறொரு கணக்கை வகுத்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் சர்க்கரை 70-லிருந்து 180-க்குள் இருக்கிறது என்பதே அந்தக் கணக்கு. பெரும்பாலோருக்கு இது நூற்றுக்கு 70 பங்குக்கு மேல், அதாவது சுமார் 17 மணி நேரம் இருக்க வேண்டும். 70-க்குக் கீழே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 54-க்குக் கீழே கால் மணி நேரம்கூட ஆகக் கூடாது. தள்ளாத வயதினருக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் 12 மணி நேரம் எல்லைக்குள் இருந்தாலே போதும். ஆனால் அவர்களுக்கு 70-க்குக் கீழே கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முதியவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதைவிடத் திடீரென்று இறங்குவதே உடனடி ஆபத்து என்பது இதன் பொருள்.

காவல்காரன் பொய்க் கூச்சல் போட்டால்?

செம்பூரில் மகனோடு வசிக்கும் 71 வயது அம்மையார் இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை குறைந்தால் மணியடிக்கும் சென்சார் வாங்கிக் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே இரவு மூன்று மணிக்கு மணி அடித்தது. 58 என்று காட்டியது. மருமகள் பதறி எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். அடுத்த இரவும் அதே கதை. காலையில் பார்த்தால் 240.

மூன்றாம் இரவு மருமகள், "அத்தை, கொஞ்சம் எழுந்து உட்காருங்க, விரல்லயும் ஒரு தடவை பார்த்திடலாம்" என்று சொல்லிக் குளுக்கோமீட்டரில் பார்த்தார். 118! அம்மையார் சென்சார் ஒட்டிய கைப்பக்கமே ஒருக்களித்துப் படுப்பவர். வில்லை அழுந்தினால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து, சர்க்கரை குறைவதுபோல் பொய்க் கணக்குக் காட்டும். மறு முறை அடுத்த கையில் ஒட்டியதும் தொல்லை தீர்ந்தது.

சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல. தோலுக்கடியில் செல்களைச் சுற்றி நிற்கும் திரவத்தை. ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே வந்து சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஆகலாம். கர்ஜத்திலிருந்து லோணாவாலாவுக்கு மலையேறும் ரயிலை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். இஞ்சின் மேடேறிச் சமதளத்துக்கு வந்த பிறகும் கடைசிப் பெட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். ரத்தம் இஞ்சின், சென்சார் பார்ப்பது கடைசிப் பெட்டியை.

சர்க்கரை இறங்கிய நேரத்தில் இதை மறந்துவிடக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் பொறுத்து, விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. சென்சாரில் எண் ஏறவில்லையே என்று தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் பிறகு 250-க்குப் போய் நிற்கும். அல்வாவும் சாக்லேட்டும் இதற்கு உதவா. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் முரண்பட்டால் விரலில் குத்திப் பார்ப்பதே வழி. ஒட்டிய முதல் நாள் கணக்கு சற்றுத் தவறலாம். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டால் சில சென்சார்கள் கூடுதலாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் இடத்தில் கையில் சென்சார் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மும்பை வெயிலிலும் மழைக்காலப் புழுக்கத்திலும் வியர்வையால் ஓரம் பெயர்வது சகஜம். ஒட்டுமுன் கையை நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும்; எண்ணெய் தேய்த்த கையில் ஒட்டக் கூடாது. அரிப்போ தடிப்போ வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

யாருக்கு அவசியம்?

ஒரு சென்சாரின் விலை சில ஆயிரம் ரூபாய். பதினான்கு நாள் வந்தால் மாதத்துக்கு இரண்டு வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கே இது வீட்டு வாடகைக்கு அடுத்த செலவாகிவிடும். எனவே எல்லோரும் எப்போதும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

முதல் வகைச் சர்க்கரை வியாதி உள்ள குழந்தைகள், ஒரு நாளைக்குப் பல முறை இன்சுலின் போடுவோர், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், சர்க்கரை இறங்குவதே தெரியாமல் மயங்கி விழுவோர் ஆகியோருக்கு இது செலவுக்கு மேல் பலன் தரும். பல வருஷம் வியாதி உள்ளவர்களுக்கு நடுக்கம், வியர்வை போன்ற எச்சரிக்கைகள் மங்கிப்போவதுண்டு. அவர்களுக்கு மணியடிக்கும் வகை உயிர் காக்கும். மாத்திரையில் இருக்கும் மற்றவர்களுக்கு, மருந்து மாறும்போதோ, காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறி இறங்கும்போதோ, பதினான்கு நாள் ஒரு தடவை ஒட்டிப் பார்த்தால் போதுமானதாக இருக்கலாம். மற்ற நாட்களுக்குக் குளுக்கோமீட்டர் போதும். வியாதியே இல்லாதவர் வேடிக்கைக்காக ஒட்டிக்கொண்டு, சாப்பிட்டதும் எண் ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சாப்பிட்டால் கொஞ்சம் ஏறுவது யாருக்கும் இயற்கை.

வாங்குமுன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. எதைக் கண்டுபிடிக்க இதை ஒட்டுகிறோம்? எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒரு முறை இது தேவை? ஒட்டிய பதினான்கு நாளும் சாப்பாடு, மாத்திரை, தூக்கம், நடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். விசேஷ வீட்டுக்குப் போனால் போனதாகவே எழுத வேண்டும். பரீட்சைக்குப் படிப்பதுபோல் அந்தப் பதினான்கு நாள் மட்டும் பத்தியம் இருந்தால் பணம்தான் வீண். எண்ணைப் பார்த்துத் தாமாகவே மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடவே கூடாது. வழக்கம்போல் உண்டு, வழக்கம்போல் உழைத்து, உள்ளபடி எழுதிய நோட்டையும் படத்தையும் சேர்த்து டாக்டர் முன் வைத்தால்தான், அந்தச் சில ஆயிரம் ரூபாய்க்கு முழுப் பலன் கிடைக்கும்.