கணக்கு எண்ணின் முன்னால் இருந்த சைபர் எங்கே?

நம் பிள்ளைகள் பலர் இப்போது பைத்தான் படிக்கிறார்கள். கல்வி உதவித்தொகைப் பட்டியலைக் கணினியில் எழுதித் தரவும் முன்வருகிறார்கள். ஜஸாகல்லாஹு கைரன். பெயரில் ஓர் எழுத்து தவறினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் ஒரு மாணவியின் கல்விக்கட்டணம் வேறொருவர் கணக்கில் சேரக்கூடும். மின்னணுப் பணமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்க ரிசர்வ் வங்கி 2010-இலேயே அனுமதித்திருக்கிறது. ஆகவே எண்களைக் கோப்பில் எழுதும் முறையைப் பெற்றோரும் சற்று தெரிந்திருப்பது நல்லது.

நம் விருத்தாசலத்தின் தொலைபேசிக் குறியீடு 04143. இதை எண்ணாக வாங்கினால் கணினி 4143 என்றே எழுதும். முன்னால் நிற்கும் சைபருக்கு மதிப்பில்லை என்பது அதன் கணக்கு. அதில் தவறும் இல்லை. ஆனால் தொலைபேசிக் குறியீட்டையோ வங்கிக் கணக்கு எண்ணையோ யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அவை எண் உருவில் இருக்கும் பெயர்கள். அவற்றைத் தொடக்கத்திலிருந்தே எழுத்தாக, அதாவது ஸ்ட்ரிங்காக, வைத்துக்கொள்ள வேண்டும். எக்செல்லில் ஆபத்து இன்னும் அதிகம்: ஓர் எண்ணில் 15 இலக்கம்வரைதான் அது காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே தட்டினால் கடைசி இலக்கம் சைபராகிவிடும்.

தொகை அப்படியல்ல, அது எண்ணாகவே இருக்கட்டும். எழுதும்போது மட்டும் 'புள்ளி 2 எஃப்' என்ற வடிவம் கொடுத்தால் 1875.5 என்பது 1875.50 என்று விழும். அகலத்தையும் 10 என்று சேர்த்துச் சொன்னால் எல்லாத் தொகையும் வலப்பக்கம் ஒரே கோட்டில் நிற்கும். கண்ணால் சரிபார்க்க எளிது. காற்புள்ளி வேண்டாம். பைத்தான் போடும் காற்புள்ளி 125,000 என்று வரும், நம் வழக்கமோ 1,25,000. அதைவிட முக்கியம், காற்புள்ளியால் பிரிக்கும் சி.எஸ்.வி. கோப்பில் ஒரே தொகை இரண்டு கட்டங்களாக உடைந்துவிடும். நோட்டீஸ் அடிக்கும்போது காற்புள்ளி போட்டுக்கொள்ளலாம்.

கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' கட்டளையில் 'டபிள்யூ' என்று கொடுத்தால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதிதாகத் தொடங்கும். இருப்பதன் கடைசியில் சேர்க்க 'ஏ'. தமிழ்ப் பெயர்கள் சரியாகப் பதிவாக யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிட வேண்டும். 'ரைட்' கட்டளை தானாக வரி மாற்றாது. அதையும் நாமே சொல்லாவிட்டால் நாற்பது குடும்பங்களும் ஒரே வரியில் ஒட்டி நிற்கும்.

முடித்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல்லில் நேராகத் திறந்தால், பாடுபட்டுக் காத்த சைபரை அது மறுபடி உதிர்த்துவிடலாம். பிறகு பாஸ்புக்கை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் கோப்பைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடட்டும்.