கேக்கும் அதனை ஆக்கும் உடலும்

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவில், மார்த்தாண்டம் முதலிய ஊர்க் கடைத்தெருக்களிற் கேக்குகள் அடுக்கப்பெறுதலைக் காண்கின்றோம். அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் வீட்டிற் செய்வோரும் கேக்கைக் கடையிலேயே வாங்குவர். அதன் விலையையும் சுவையையும் ஆராயும் நாம், அதனைச் செய்வோர் உடல் படும் பாட்டை ஆராய்வதில்லை. அதனை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

1883-ஆம் ஆண்டில், தலைச்சேரி மம்பள்ளி பாபு என்பார், மர்டாக் பிரௌன் என்னும் தோட்டத் துரை காட்டிய மாதிரியைக் கொண்டு கேக் ஒன்று செய்தனர். இந்திய நாட்டின் முதற் கிறிஸ்துமஸ் கேக் அதுவே என்பர். அந்நாளிற் கையே கருவி. வெண்ணெயையும் சர்க்கரையையும் நெடுநேரம் அடித்தால்தான் காற்று நுண்குமிழிகளாய் அதனுட் புகும். அக்குமிழிகள் வெப்பத்தால் விரியவே கேக் பொங்கி மென்மையுறும். ஆதலின் கை ஓய்ந்தாற் பண்டம் கெடும்.

இன்று அடிப்பதற்கு இயந்திரம் உண்டு. எனினும் 50 கிலோ மைதா மூட்டையைத் தூக்குவது முதுகு. மாவு நிறைந்த தட்டுக்களைக் குனிந்தும் நிமிர்ந்தும் அடுப்பில் ஏற்றி இறக்குவது தோள். மலையாள நாட்டிற் போர்மா எனப்படும் செங்கல்லடுப்பிலோ, முதலில் உள்ளே விறகெரித்து, தணலை வெளியே இழுத்து, பின்னர் நீண்ட பிடியுடைய பலகையாற் பண்டங்களைச் செலுத்தல் வேண்டும். முகம் அனலை எதிர்கொள்ளும். நாள் முழுதும் நிற்றலாற் காலிரத்தக் குழாய்கள் புடைக்கும். கேக்கின் மேற் சர்க்கரைப் பூவேலை செய்வோர்க்கு மணிக்கட்டு நோகும்.

இந்நோய்கள் புதியன அல்ல. இத்தாலிய மருத்துவராகிய ராமத்சீனி, தொழிலாளர் பிணிகளைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில், ரொட்டி சுடுவோர்க்கு மாவுத்தூசியால் வரும் இருமலையும் மூச்சிரைப்பையும், அவர்தம் இரவுழைப்பையும் எடுத்துரைத்தார். 1925-இல் சர்வதேசத் தொழிலமைப்பு, ரொட்டியும் மாப்பண்டங்களும் இரவிற் செய்தலைத் தடுக்க ஓர் உடன்படிக்கையே இயற்றிற்று.

சென்ற ஆண்டு, எம் வயதினராகிய ஒரு தொழிலாளரோடு உரையாடினோம். முன்கையில் தட்டின் விளிம்பு சுட்ட தழும்புகள் பலவற்றைக் காட்டினார். அவற்றைப் பற்றி அவர் வருந்தினாரல்லர். "கிறிஸ்துமஸ் இராத்திரி ஆராதனைக்குப் போய் நாலு வருஷம் ஆச்சு" என்றார். யாம் கோவிலிற் பாடிநின்ற அவ்விரவுகளில் அவர் அடுப்பின்முன் நின்றிருந்தார். அடுத்த நாட்காலை அவர் கைப்பட்ட கேக்கை யாமும் உண்டிருத்தல் கூடும்.

மாணவ நண்பர்காள்! கேக் வேண்டுமென்பதைச் சில நாட்கள் முன்னரே சொல்லிவைத்தல் நமக்கு எளிது. பழங்களிட்ட கேக் சில நாள் வைத்திருப்பினும் கெடாது. கடைசி இரவின் நெருக்கடி அதனாற் குறையும். முதலாளிமாரும் புகைபோக்கி, காற்றாடி, மூக்கை மூடும் துணி, அமர்ந்து இளைப்பாற ஓரிருக்கை ஆகியவற்றை அளித்தல் கடன். நம் நாவிற்கு இனிமை தருவோர்க்குத் திருநாளில் ஓர் இரவேனும் ஓய்வு கிட்டச் செய்வோமாக.