நரம்பு வலிக்கு ஏன் மனச்சோர்வுக் குளிசை?

பாதம் எரிகிறது, ஊசியால் குத்துவது போல இருக்கிறது, இரவில் போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை என்று வைத்தியரிடம் போகிறோம். அவர் ஒரு குளிசை எழுதித் தருகிறார். மருந்தகத்தில் கொடுத்த தாளைப் பிள்ளைகள் வாசித்துப் பார்த்தால், அது மனச்சோர்வுக்கோ வலிப்பு நோய்க்கோ உரிய மருந்து என்று இருக்கிறது. “எனக்கென்ன விசரா?” என்ற கோபத்தில் போத்தல் அலுமாரிக்குள் போய்விடுகிறது. வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கே கனடாவில் குடும்ப வைத்தியராக இருக்கும் நான் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். இது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் தேவை.

நரம்பு வலி என்றால் என்ன?

கால் சுளுக்கினால் வரும் நோ, காயத்தைப் பற்றி நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தி. நரம்பே பழுதடைந்துவிட்டால், காயம் ஆறிய பின்னரும் அது பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு ரைலெனோல் போன்ற சாதாரண வலி மருந்துகள் பெரிதாக உதவுவதில்லை.

எம்மவரிடையே இதற்கு முக்கிய காரணம் நீரிழிவு. அக்கி வந்து மாறிய பின்னும் சிலருக்கு அந்த இடத்தில் எரிவு தொடரும். ஷெல் துண்டு பட்டவர்கள், கால் இழந்தவர்கள், கைகளைக் கட்டித் தூக்கிச் சித்திரவதை செய்யப்பட்டதால் தோள் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரும் எம்மிடையே இருக்கிறார்கள். நானும் அகதியாக வந்தவன்தான். இதையெல்லாம் வெளியில் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனால் காயம் எப்படி வந்தது என்று வைத்தியர் அறிந்தால்தான் எந்த நரம்பு பாதிக்கப்பட்டது என்று பார்க்க முடியும்.

ஒரு மருந்து, இரண்டு வேலை

அமிற்றிப்ரிலின் 1961 இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற மருந்து. முள்ளந்தண்டு வழியாக மேலே போகும் வலிச் செய்தியை அடக்கும் இயற்கையான வழி ஒன்று எமது உடலில் உண்டு. இம்மருந்து அதனைப் பலப்படுத்துகிறது. மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். நரம்பு வலிக்கு இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குகிறோம். வலிப்பு நோய்க்கு வந்த கபபென்ரின், அளவுக்கு மீறித் துடிக்கும் நரம்புகளை அமைதிப்படுத்துகிறது.

இந்த இரண்டுக்கும் கனடாவில் நரம்பு வலிக்கென்று அனுமதி இல்லை. அனுமதித்த நோய்க்கு வெளியே மருந்தைக் கொடுப்பதை ‘ஓஃப் லேபல்’ என்பார்கள். இது சட்டத்துக்கு மாறானது அல்ல. புதிய நோய்க்கு அனுமதி கேட்டு ஹெல்த் கனடாவிடம் விண்ணப்பிக்க வேண்டியது மருந்து நிறுவனம். மலிவான பழைய மருந்துக்காகப் பணம் செலவழித்து விண்ணப்பிக்க எந்த நிறுவனமும் முன்வராது.

அனுமதி வேறு, ஆதாரம் வேறு

கனடிய வலிச் சங்கம் 2014 இல் புதுப்பித்த வழிகாட்டலில் அமிற்றிப்ரிலின் வகை மருந்துகளும் கபபென்ரினும் முதல் வரிசையில் உள்ளன. 2022 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், நீரிழிவு நரம்பு வலியுள்ள 130 பேரிடம் அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின், பிறீகபலின் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. எதிலிருந்து தொடங்கினாலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

மறுபக்கமும் உண்டு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாற்றிக்கா வலிக்குப் பிறீகபலின் கொடுத்துப் பார்த்த 2017 ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வில், அது வெற்றுக் குளிசையை விடச் சிறந்ததாக இருக்கவில்லை, தலைச்சுற்றுத்தான் கூடியது. கபபென்ரினை அனுமதியில்லாத பல நோய்களுக்கு விளம்பரப்படுத்திய வழக்கில், 2004 இல் அதன் அமெரிக்க நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 மில்லியன் டொலர் செலுத்தச் சம்மதித்தது. ஆகவே “தாளில் என் நோய் இருக்கிறதா?” என்பதை விட, “என்னுடைய வகை வலிக்கு இது உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்பதே பயனுள்ளது.

சோதித்துப் பார்க்கும் முறை

2015 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அமிற்றிப்ரிலின் வகையை எடுப்பவர்களில் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கும், கபபென்ரின் எடுப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கும் மருந்தின் பயனாக வலி பாதியாகக் குறைகிறது. எனவே யாருக்கு எது ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பொறுமையாகப் பார்க்கத்தான் வேண்டும்.

1. குறைந்த அளவில் தொடங்கி, வைத்தியர் சொல்லும்போது மட்டும் கூட்டுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். நான்கு நாளில் “சரிவரவில்லை” என்று விட்டுவிடாதீர்கள்.
2. வலிக்கு 0 முதல் 10 வரை புள்ளியிட்டு, எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். 8 இல் இருந்த வலி 5 க்கு வந்தாலே நல்ல பலன்.
3. போதிய அளவில் ஆறு முதல் எட்டு வாரம் எடுத்தும் மாற்றமில்லையென்றால், மருந்தை மாற்றுவது பற்றிக் கேளுங்கள். திடீரென நிறுத்த வேண்டாம். படிப்படியாகவே குறைக்க வேண்டும்.
4. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகம் வந்ததென்று அவருடைய குளிசையை வாங்கி விழுங்காதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

அமிற்றிப்ரிலின் வாய் உலர்தல், மலச்சிக்கல், எழும்பும்போது தலைச்சுற்று ஆகியவற்றைத் தரலாம். இதய நோய், கண் அழுத்தம், புறஸ்ரேற் வீக்கத்தால் சிறுநீர் போகச் சிரமம் உள்ளவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். கபபென்ரின் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமான நீரிழிவு நோயாளருக்கு அளவு குறைக்கப்பட வேண்டும். கோடீன், மோர்பீன் போன்றவற்றுடனோ மதுவுடனோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. மருந்து எப்படிப் பிடிக்கிறது என்று தெரியும்வரை வாகனம் ஓட்டாதீர்கள்.

இன்னுமொன்று: நீண்டகாலம் மெற்போமின் எடுப்பவர்களுக்கும் சைவ உணவு உண்பவர்களுக்கும் விற்றமின் பி12 குறையலாம். அந்தக் குறைவே கால் விறைப்பையும் எரிவையும் தரும். இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

வீட்டில் அம்மாவோ அப்பாவோ குளிசையை ஒதுக்கி வைத்திருந்தால், பிள்ளைகளே, அடுத்த முறை அவர்களுடன் கூடப் போங்கள். “இது எந்த வலிக்கு, எவ்வளவு காலத்துக்கு, பலன் இல்லாவிட்டால் அடுத்தது என்ன?” என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, வரும் பதிலைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். குளிசையை எடுப்பதா விடுவதா என்பதை அதன் பிறகு அவர்களே தீர்மானிக்கட்டும்.