சௌசௌ: ஜூஸ் வேண்டாம், கூட்டு வையுங்கள்!

"ஐயா, சௌசௌ ஜூஸ் குடிச்சா சர்க்கரை இறங்கிடுமாமே? ஒரு மாசமா மாத்திரையை நிறுத்திட்டு அதைத்தான் குடிக்கிறேன்."

பரமக்குடியில் என்னைப் பார்க்க வந்த நெசவாளர் ஒருவர் இப்படிச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. பரிசோதித்ததில் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. காலில் ஆறாத புண் வேறு! அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.

பாவம், சௌசௌ என்ன செய்யும்? பூசணி, சுரைக்காய்க்கு உறவான நல்ல நீர்க்காய் அது. 'பெங்களூர் கத்தரிக்காய்' என்போம். ஆனால் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். நமக்கு வருவது கொடைக்கானல் கீழ்மலைப் பந்தல்களில் காய்ப்பது. இதை மருந்தாக நினைக்காமல் உணவாக நினைத்தால் பலன் உண்டு.

100 கிராம் காயில் 94 கிராம் தண்ணீர்தான். கலோரி சுமார் 19. அதே எடை சாதத்தில் சுமார் 130! நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருப்பவர் சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டை வைத்துக்கொண்டால் வயிறும் நிறையும், மாவுச்சத்தும் குறையும். ஜூஸாக வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும், சாதமும் குறையாது. பிறகு என்ன லாபம்? கர்ப்பிணிகளுக்கு வேண்டிய ஃபோலிக் சத்தும் இதில் உண்டு.

நான்கு பேருக்கு இரண்டு காய் போதும். பிஞ்சாக, கெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். தோல் சீவும்போது கையில் பிசுபிசுவென்று பால் ஒட்டும். தண்ணீருக்குள் வைத்துச் சீவினால் தொல்லையில்லை. 100 கிராம் பாசிப்பருப்பை மஞ்சள்தூளுடன் முக்கால் பதம் வேகவிட்டு, நறுக்கிய காயைச் சேருங்கள். சீரகம், மிளகு, இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல் அரைத்து ஊற்றி, உப்பு போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். இளம் விதையையும் சேர்த்தே நறுக்கலாம். தோலை வீசாதீர்கள்! உளுந்து, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் அருமையான துவையல்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நெசவாளர் வீட்டில் இப்போது வாரம் இருமுறை சௌசௌ கூட்டு. மாத்திரையும் தவறுவதில்லை. புண் ஆறிவிட்டது. "கூட்டுதான் காரணமா ஐயா?" என்று கேட்டார் அவர் சம்சாரம். "இல்லைம்மா, மாத்திரையும் மருத்துவமும். கூட்டு அதுக்குக் கைகொடுத்துச்சு, அவ்வளவுதான்" என்றேன்.