சூட்டை எங்கே கொட்டுவது?

1957-இல் பறந்த ஸ்புட்னிக்-1 செயற்கைக்கோளின் வானொலிக் கருவிக்குத் திறன் வெறும் 1 வாட். அதற்கே உள்ளே ஒரு மின்விசிறி வைத்திருந்தார்கள். நைட்ரஜன் நிரப்பிய 58 செ.மீ. உலோக உருண்டைக்குள் வெப்பநிலை 36 டிகிரியைத் தாண்டினால் விசிறி சுழலும். வாயு சூட்டை அள்ளி வெளி ஓட்டில் சேர்க்கும். அங்கிருந்து அது அகச்சிவப்புக் கதிராகத்தான் வெளியேற முடியும். சூட்டை வாங்கிக்கொள்ள வெளியே காற்றும் இல்லை, நீரும் இல்லை. விண்வெளி குளிரானது என்று கேட்டே பழகியதால் இந்தச் சங்கடம் நமக்கு எளிதில் புலப்படுவதில்லை. பிளாஸ்கில் ஊற்றிய காபியை ஆறவிடாமல் காப்பதும் வெற்றிடம்தானே!

அன்றைய கலங்கள் பெரும்பாலும் தோலை நம்பியே பிழைத்தன. எக்ஸ்ப்ளோரர்-1 செயற்கைக்கோளில் சூடு அளவோடு இருக்க உடலெங்கும் வரிவரியாகப் பூச்சு அடித்தார்கள். அப்பல்லோவில் கிளைக்கால் கரைசல் சூட்டைச் சுமந்து ஓடும் ரேடியேட்டர்கள் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறையாமலிருக்க, நிலவுக்குப் போகும் வழியில் கலத்தையே சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக உருட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த எளிமை மிகவும் பிடிக்கும்.

இன்று சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 70 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன் கொண்டது. அம்மோனியா நச்சு என்பதால் உள்ளே தண்ணீர்க் குழாய்கள். தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் வெளியே அம்மோனியா. விளிம்பைச் சூரியனுக்குக் காட்டியபடி திரும்பும் நீண்ட ரேடியேட்டர்கள் அந்தச் சூட்டை இருளில் கொட்டுகின்றன. 2010-இல் ஒரு பம்ப் நின்றதும் குளிரூட்டலில் பாதி போயிற்று. அதை மாற்ற மூன்று விண்நடைகள் தேவைப்பட்டன.

2022 டிசம்பரில் நடந்தது இன்னும் கடுமை. நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்.எஸ்.-22இன் ரேடியேட்டரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை விழுந்தது. குளிர்திரவம் பீறிட்டு வெளியேறியது. அதில் வந்திருந்த மூவரை ஏற்றினால் உள்ளே சூடு தாங்காது என்று கலத்தை ஆளில்லாமலே பூமிக்கு அனுப்பினார்கள். மாற்றுக் கலம் வந்தும், ஆறு மாதத்துக்கென்று போன அந்த மூவரில் ஒருவரான பிராங்க் ரூபியோ 371 நாள் கழித்தே திரும்பினார்.

இப்போது விண்வெளியில் தரவு மையங்கள் அமைக்கலாம் என்கிறார்கள். மின்சாரத்தைச் சூரியன் தரும், சரி. ஆனால் கணினிகள் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் மாறும். 1 மெகாவாட் மையம் என்றாலே நிலையம் வெளியேற்றுவதைப் போல 14 மடங்கு வெப்பம். ரேடியேட்டரின் பரப்பு எவ்வளவு, அதில் ஓட்டை விழுந்தால் அடைக்கப் போவது யார் என்பதை முதலில் சொல்லட்டும்.