அலங்கார மீன்களில் வெண்புள்ளி நோய்

கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் நெல்லோடும் மரக்கறியோடும் சீமெந்துத் தொட்டியில் அலங்கார மீன் வளர்க்கும் கமக்காரரும் உளர். மார்கழி, தை மாதக் குளிரில் இம்மீன்களை வெண்புள்ளி நோய் பீடிப்பதுண்டு. கவனியாதுவிடின் சில நாட்களில் தொட்டி முழுவதும் அழியும்.

நோயுற்ற மீனின் உடலிலும் செட்டைகளிலும் உப்புத்தூள் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். மீன் சுவரில் உடலை உராயும். பூக்களில் மட்டும் நோய் பற்றினாற் புள்ளி தெரியாது. மீன் நீர்மட்டத்தில் மூச்சுக்குத் தவிப்பதே அப்போது அறிகுறி.

1876 இல் ஃபூக்கே என்பார் விவரித்த ஒரு நுண்ணுயிரே இதற்குக் காரணம். அது தோலின் அடியில் தங்கும்வரை மருந்து அதனைத் தீண்டாது. முற்றியதும் கழன்று, தொட்டியின் அடியிற் கூடுகட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய்ப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாட்களிலேயே அவற்றைக் கொல்லலாம். ஆதலாற் புள்ளி மறைந்ததும் சிகிச்சையை நிறுத்துவோர் மறுமுறை அதிக மீன்களை இழப்பர்.

10 லீற்றர் நீருக்கு 20 கிராம் கல்லுப்பு வீதம் வேறாகக் கரைத்து, ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்க்குக. நாள்தோறும் அடிக்கசடோடு சிறிதளவு நீரைக் குழாயால் அகற்றி, அதே அளவு உப்பிட்ட புதுநீர் விடுக. 25 பாகை செல்சியசு வெப்பத்தில் நோயின் சுற்று ஏறக்குறைய ஒரு வாரம், குளிர்நீரில் நீளும். எனவே நம்மூர்க் குளிரில் மூன்று வாரம் விடாது செய்தல் நன்று.

அகற்றிய நீரைப் போஞ்சிப் பாத்தியில் ஊற்றற்க; போஞ்சி உப்பைத் தாங்காது. வாய்க்காலிலும் விடலாகாது, அங்குள்ள மீனுக்கும் நோய் தொற்றும். வலையை நன்கு வெயிலிற் காயவைத்த பின்னரே அடுத்த தொட்டியில் இடுக. புதிதாக வாங்கும் மீனை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்திருக்குக.